செடிக்கு வைத்த நிழல்

எல்ல
ஆவணி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பெயரையும் தோட்டத்தையும் வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவில்லை, பசறைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி ஊவா மலையில் பல வீடுகளின் கேள்வி. அதனால் பதிலை எல்லாரும் வாசிக்கும் கடிதமாகவே எழுதுகிறேன்.

லயத்தை விட்டுப் புது வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது என்கிறீர்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்து வீடு. ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடிக் கட்டடம். சொந்தக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும் சந்தோசத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்தக் கதவு கடைசிவரை கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வரியிலேயே உங்கள் கஷ்டம் வந்துவிடுகிறது. டோசர் போட்டு மட்டப்படுத்திய நிலத்தில் ஒரு மரம்கூட இல்லை. பகல் பதினொரு மணிக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவனைத் தூக்கிக்கொண்டு பழைய லயத்துப் பலா மரத்தடிக்கே போய் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

வாசலில் மரம் வைக்கலாமா என்று கேட்டால், மாமா வேர் அத்திவாரத்தைப் பிளக்கும் என்கிறார். பக்கத்து வீட்டக்கா, குளிர் ஊரில் நிழல் எதற்கு என்கிறார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் உங்கள் வீட்டுக்காரரோ, பஸ்ஸின்மேல் மரம் விழுந்து ஆட்கள் செத்ததை நினைத்து வேண்டவே வேண்டாம் என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் குளிர் ஊர் என்ற பேச்சு. எல்ல கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,040 மீற்றர். பதுளை நகரம் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 680 மீற்றரில் இருக்கிறது. மலையேற ஏற, சராசரியாக 1,000 மீற்றருக்கு ஆறரை பாகை செல்சியஸ் என்ற கணக்கில் காற்று குளிரும். எல்லயிலிருந்து வெல்லவாய பஸ்ஸில் ஏறினால் இந்தக் கணக்கை உடம்பே சொல்லிவிடும். இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது ஜன்னல் காற்று மாறும். வளைவுகளில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் வெல்லவாயவில் கால் வைத்தால் ஐந்தாறு பாகை கூடியிருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் குளிர் ஊர்தான்.

ஆனால் மலையில் காற்று குளிர்ந்தாலும் வெயில் குளிர்வதில்லை. உயரம் கூடக்கூட வெயிலை வடிகட்டும் காற்று மெலிகிறது; தோலில் படும் சூடு உறைக்கிறது. நாம் இருப்பது 7 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி. வருடத்தில் இரண்டு தடவை, சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னும் இந்த ஆவணியிலும், நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். அந்த நாட்களில் சுவரைவிடக் கூரைதான் அதிகம் வெந்துபோகும். தகரக் கூரையின் கீழ் வளர்ந்த நமக்கு இதைப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதற்கு மேல் நம் ஊவாவுக்கென்றே ஒரு காற்று இருக்கிறது. கச்சான். வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று, ஹற்றன், நுவரெலியாப் பக்கச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. ஈரமில்லாத காற்று கீழே இறங்க இறங்கச் சூடேறும். 1,000 மீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை. அதனால்தான் மேற்கே குடையோடு நடக்கும் மாதங்களில் இங்கே பீலியில் தண்ணீர் மெலிந்து, பத்தனைப் புல்வெளி மஞ்சளாகி, உதடு வெடிக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடி வாங்கும் அந்த வாசம் வருவதும் இதே காற்றால்தான். செடி காய்ந்து தவித்து, இலைக்குள் வாசத்தைச் சேர்க்கிறது. அந்த வாசத்துக்காகக் கொழுந்து பறிப்பவர்களும் அதே காற்றில்தான் காய்கிறார்கள்.

ஆகவே உங்கள் பக்கத்து வீட்டக்காவிடம் சொல்லுங்கள்: குளிர் ஊர் என்பது இராத்திரிக்கும் மார்கழிக்கும் சரி. ஆவணிப் பகலுக்குச் சரியில்லை.

இப்போது நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். நிழலின் அருமை நம் மலைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை. நூறு வருடங்களுக்கும் மேலாக இந்தத் தோட்டங்கள் நிழலைக் கணக்குப் போட்டே நட்டு வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு தேயிலைச் செடிக்காகப் போட்டது.

எந்த மலைக்குப் போனாலும் பாருங்கள். தேயிலை நிரைகளுக்கு மேலே வரிசை தவறாமல் சவுக்கு நிற்கும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் சவுக்கு என்பது வேறு மரம். நாம் சவுக்கு என்பது அவுஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த கிரெவிலியா. இலையின் அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னும். சவுக்கு உயரத்தில் நின்று வெயிலைச் சலித்துக் கீழே அனுப்பும். அதற்குக் கீழே நடுத்தர உயரத்தில் முள்முருங்கை இனத்து மரத்தை வைப்பார்கள். அது நிழலும் தரும், வேரால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். சில தோட்டங்களில் வாகை. மழை மாதம் வரும் முன் வெளிச்சம் வேண்டுமென்று முள்முருங்கையின் வாதுகளை வெட்டி, அந்தத் தழையைச் செடியின் காலடியிலேயே பரப்புவார்கள். வெயில் மாதம் திரும்பும்போது அது மறுபடி தழைத்திருக்கும். எவ்வளவு நிழல், எந்த மாதம், எத்தனை அடிக்கு ஒரு மரம் என்பதெல்லாம் எழுதி வைத்த வேலை. இதையும் ஆராயத் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உங்கள் பசறையிலும் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அக்கறை? தேயிலை இலையின் சூடு 35 பாகையைத் தாண்டினால் அது வேலை செய்வதை வேகமாகக் குறைத்துவிடும். வெயில் நேராக விழும் இலை, சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை அதிகமாகச் சூடாகும். நிழல் இல்லாவிட்டால் கொழுந்து குறையும். ஆகவே செடிக்கு நிழல் கொடுத்தார்கள்.

அந்தச் செடியைப் பறித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, மேலே தகரம், முன்னால் இஸ்தோப்பு. லயத்தைக் கட்டியவர்கள் எத்தனை அடிக்கு ஒரு காம்பிரா என்று கணக்குப் போட்டார்கள். எத்தனை அடிக்கு ஒரு மரம் என்று தேயிலைக்குப் போட்ட கணக்கை லயத்து வாசலுக்குப் போடவில்லை. வாசலில் மரம் நின்றால் அது யாரோ பலாக்கொட்டையைப் போட்டு, ஆட்டிடமிருந்து காப்பாற்றி வளர்த்தது. அல்லது அடியில் ஒரு கல்லை நட்டு, சூலம் குத்தி, முனியாண்டி என்று கும்பிட்டு வந்த மரம். தோட்டத்தில் எத்தனையோ மரங்கள் விறகுக்கும் பலகைக்கும் போயின. முனி நின்ற மரத்தில் மட்டும் கோடரி விழவில்லை. என் சிறுவயதில் அந்தப் பயத்தைச் சாமி பயம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், சொந்தமென்று ஒரு சாண் நிலம் இல்லாத சனம் ஒரு நிழலைத் தன்னுடையதாக்கிக் காத்த வழி அதுதான் என்று தோன்றுகிறது.

நான் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவுக்குப் பத்து மணித் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. மலையில் பெண்கள் எந்தச் சவுக்கின் கீழே உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் ஒரு மரம், பகலில் இன்னொரு மரம். படங்கைத் தளர்த்திவிட்டு, கூடையை இறக்கிவைத்து, தண்டில் முதுகைச் சாய்த்து அம்மா கண்ணை மூடுவார். இரண்டு நிமிடம் இருக்கும். மூடியைத் திறந்து சாயத்தண்ணியை நீட்டினால், "இரு, வேர்வை அடங்கட்டும்" என்பார். செடிக்காக நட்ட மரத்திடம் அந்த இரண்டு நிமிடத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இனி மரம் எப்படிக் குளிரவைக்கிறது என்று சொல்கிறேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மரம் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை மறைப்பது. வெயில் சுவரிலும் முற்றத்திலும் விழுந்தால் அவை சூட்டைக் குடித்துவைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு மெல்லக் கக்கும். இராத்திரி எட்டு மணிக்கும் உங்கள் மேற்குச் சுவர் கைக்குச் சுடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது பின்னேரம் குடித்த வெயில். உச்சி வேளையில் நிழலில் இருக்கும் தரையும் சுவரும், வெயிலில் கிடப்பவற்றைவிட 11 முதல் 25 பாகை வரை குளிர்ந்திருக்கக்கூடும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். காற்றின் வெப்பநிலையை மட்டும் எடுத்தால் மரத்தடிக்கும் வெளிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு பாகைதான். ஆனால் நம் உடம்பைச் சுடுவது காற்று மட்டும் இல்லை. மேலே சூரியனும் சுற்றிச் சுடும் சுவரும் தரையும் சேர்ந்துதான் சுடுகின்றன. மரம் அந்த இரண்டையும் தடுக்கிறது. உங்கள் பிள்ளை பலா மரத்தடிக்குப் போனதும் அழுகையை நிறுத்துவது அதனால்தான்.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியாக ஆவியாகிப் போகிறது. ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அதை மரம் தன்னைச் சுற்றியுள்ள வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகும். நன்றாக வளர்ந்த பெரிய மரம், வேருக்கு ஈரம் கிடைத்தால், ஒரு நாளில் 100 லீற்றர் வெளியிடக்கூடும். அப்படியானால் 68 யூனிட். ஒரு சின்ன வீடு ஒரு மாதம் முழுக்க எரிக்கும் மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் குளிர்ச்சி முழுவதும் உங்கள் முற்றத்தில் நிற்காது, காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் போகிற வழியிலுள்ள வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கச்சான் காற்று காய்ந்த காற்று என்பதால் இந்த ஆவியாதல் நம் பக்கம் நன்றாகவே நடக்கும். ஒரு நிபந்தனை: மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். மண் காய்ந்தால் மரம் தன் உயிரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். பிறகு அது தருவது நிழல் மட்டுமே. அதனால் மரம் நடுவதோடு வேலை முடியாது. அதன் காலடி மண்ணைக் காப்பதும் அதே வேலையின் பாதி.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் ஒரு மரம் வைத்தால் உங்கள் வாசல் குளிரும், ஊர் குளிராது. அமெரிக்காவில் மெடிசன் என்ற நகரத்தில் ஓர் ஆய்வாளர் சைக்கிளில் வெப்பமானியைக் கட்டிக்கொண்டு, கோடை முழுதும் தெருத்தெருவாக ஓடி அளந்தார். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்வது இது: ஒரு தெருப்பகுதியின் நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தை மரக்கிளை மூடும்போதுதான் அங்கே காற்றின் சூடு நன்றாக இறங்குகிறது. ஐரோப்பாவின் 93 நகரங்களை எடுத்துக் கணக்கிட்ட இன்னொரு ஆய்வு 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த நகரங்களில் சராசரியாக 15 சதவீத நிலத்தில்தான் மர நிழல் இருந்தது. அதை 30 சதவீதமாக்கியிருந்தால் 2015ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் 2,644 உயிர்களைக் காத்திருக்கலாம் என்று கண்டார்கள். நகர வெப்பத்தால் போன உயிர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அத்தனைக்கும் காற்றின் சூடு குறைவது சராசரியாக 0.4 பாகைதான். வெயிலில் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் அந்த அரைப் பாகைக்குள்ளேதான் உயிர் இருக்கிறது.

இதை உங்கள் ஏழு பேர்ச்சுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் 1,350 மிச்சம். 15 அடி விரியும் ஒரு சிறு மரம் ஏறக்குறைய 175 சதுர அடியை மூடும். மூன்று மரம் வைத்தால் 525. உங்கள் நிலத்தில் கால் பங்குக்கும் மேல். உங்கள் வரிசையில் இருபது வீடு இருந்தால் அறுபது மரம். பாதையோரத்திலும் சிறுவர் நிலையத்து முற்றத்திலும் நாலைந்து பெரிய மரம் சேர்ந்தால் ஐரோப்பிய நகரங்கள் சராசரியாக எட்டாத அந்த 30 சதவீதத்தை உங்கள் டிவிசன் எட்டிவிடும். இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. இருபது வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேச வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்கு வருகிறேன். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில், மழைக் காலையில் ஓடும் பஸ்ஸின்மேல் பெரிய மரம் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதைக் கேட்டுப் பயப்படாதவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் அவர் தினம் நடக்கும் கொழும்பு வீதிகளில் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும் இடங்களைப் பற்றிக் கேளுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்று கேளுங்கள். நிழல் பக்கம்தான் என்பார். அந்த விபத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம், முதிர்ந்த மரங்களை வருடந்தோறும் அறிந்தவர் வந்து பார்க்க வேண்டும், வேரை வெட்டித் தார் போடக்கூடாது, கிளையைக் காலத்தில் கழிக்க வேண்டும் என்பது. தேயிலை மலையில் நிழல் மரத்தை முறைப்படிக் கழித்த கைகள் நம்முடையவை. அந்த வேலை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேர் பற்றிய மாமாவின் பயமும் நியாயமானது. அதோடு நம் மாவட்டத்தில் மண்சரிவுப் பயமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை மறந்தவர் இங்கே இல்லை. மரம் நட்டால் மண்சரிவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், மழைநீர் மண்ணை அரிப்பதைக் குறைக்கும். ஆழத்தில் வழுக்கும் மலையை எந்த வேரும் நிறுத்தாது. நிலத்தில் வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம் இவற்றைக் கண்டால் அது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்ல வேண்டிய விசயம். வெட்டிய மண்சுவரின் விளிம்பில் உயரமான கனத்த மரம் வைக்கக் கூடாது. அங்கே புல்லும் புதர்ச்செடியும் போதும், தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்க வேண்டும். வீட்டை ஒட்டிப் பலாவும் சவுக்கும் வேண்டாம் என்று மாமா சொன்னால் அவர் பக்கம்தான் நானும்.

எல்லா மரமும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பத்தனைகளில் நட்ட பைனஸும் யூக்கலிப்டஸும் தூரத்துக்குப் பச்சையாகத் தெரியும். காய்ந்த மாதங்களில் அவற்றின் அடியில் கிடக்கும் சருகு ஒரு பீடித்துண்டுக்கு எரியும். எல்லப் பாறைப் பக்கம் புகை எழும்போதெல்லாம் நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். 2025 பெப்ரவரியில் நாட்கணக்காக எரிந்தது. வீட்டைச் சுற்றி இந்த இரண்டும் வேண்டாம்.

அப்படியானால் என்ன வைப்பது, எங்கே வைப்பது?

காலை வெயில் கிழக்குச் சுவரிலும் பின்னேர வெயில் மேற்குச் சுவரிலும் விழுகிறது. பின்னேரம் காற்றே சூடேறியிருக்கும் என்பதால் மேற்குதான் முக்கியம். முதல் மரத்தை மேற்கே, சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். உங்கள் உயரத்துக்குக் கொய்யா நன்றாக வரும். படர்ந்து நிற்கும், காற்றுக்கு ஒடியாது, பிள்ளைக்குப் பழம். இரண்டாவது மரம் கிழக்கே, தோடையோ தேசியோ. மூன்றாவதாக, நிலத்தின் கீழ் மூலையில், வீட்டுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வெண்ணெய்ப்பழ மரம். அதைக் கழித்துக் கழித்துத் தாழ்வாகவே வளர்க்கலாம். வேலிக்குக் கிளிசிரியாக் கம்பு ஊன்றுங்கள். அது துளிர்த்ததும் தழையை வெட்டி மரங்களின் காலடியில் மூடாக்குப் போடலாம். தேயிலைக்குச் செய்ததைக் கொய்யாவுக்குச் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

உச்சி வெயிலுக்குச் சிறு மரம் கூரைக்கு எட்டாது. அதற்கு வாசலில் பந்தல் போடுங்கள். அவரையோ சௌசௌவோ ஏற்றினால் மூன்று நாலு மாதத்தில் இலை மூடிவிடும். மரம் வளரும் மூன்று வருடத்துக்கும் பிள்ளை அந்தப் பந்தலின் கீழ் இருக்கட்டும்.

இப்போதே நட வேண்டாம். இந்தக் காற்றில் கன்று கருகும். நமக்கு மழை ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரை நிற்கும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. டோசர் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போன நிலம் என்பதால் குழியை அகலமாக, இரண்டரை அடிக்கு வெட்டி, சாணமும் சருகும் தேயிலைத் தூளும் போட்டு ஆறவிடுங்கள். முதல் மழை இரண்டு தரம் விழுந்ததும் நடுங்கள். மாசி பங்குனியில் கோப்பை கழுவிய தண்ணீர் போதும், அளவாக ஊற்றுங்கள். ஆட்டுக்கு முள் கட்டுங்கள். முதல் மூன்று கச்சானைத் தாண்டிவிட்டால் அது உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்கு அப்பாலும் இதே கேள்வி இருக்கிறது. எல்லயில் பெரிய வீதி ஒன்றுதான். அதன் இருபுறமும் சீமெந்து உயர உயர, பகலில் அது அடுப்பின் வாய்போல ஆகிறது. மேலே மலையைப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் கடை ஓரங்களில் ஒண்டி நடக்கிறார்கள். முச்சக்கர வண்டிக்காரத் தம்பிகளும் நடைபாதையில் வடை விற்கும் அம்மாவும் நாள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டும். பதுளைக்குப் போனால் பஸ் நிலையத்து வெயிலிலிருந்து முத்தியங்கனை விகாரையின் அரசமரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நகரத்துக்குள் இரண்டு காலநிலை. நம் பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆட்கள் காத்து நிற்கும் இடத்தில் முதலில் நிழல் நடுங்கள். பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி வாசல், கொழுந்து நிறுக்கும் இடம், பிள்ளைக்காம்பிரா. பூங்காவின் அழகு பிறகு வரட்டும். கீழே மொனராகலை மாவட்டத்துக்கு வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும்போதெல்லாம், நிழலில் ஓய்வெடுங்கள் என்று சொல்கிறது. நிழலை யாராவது முன்கூட்டியே நட்டிருந்தால்தானே அந்த அறிவுரையைக் கேட்க முடியும்?

தங்கச்சி, 2023இல், நம் ஆட்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை சனம் நடந்தது. அந்த 200 வருடத்தில் நம் ஆட்கள் நட்ட மரங்களுக்குக் கணக்கில்லை. சவுக்கும் முள்முருங்கையும் வாகையும் நட்டார்கள். அத்தனையும் அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் செடிக்கு. உறுதிப்பத்திரம் இன்னும் பலருடைய கைக்கு வரவில்லை என்பதை அறிவேன். அதைக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. ஆனாலும் இது என் முற்றம், இங்கே என் பிள்ளை உட்காருவான் என்று சொல்லி நம் ஆட்களில் ஒருத்தி மரம் வைக்கப் போகிறாள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் அம்மா இருந்தால் உங்கள் கொய்யாவைப் பார்க்கப் பசறை பஸ் ஏறியிருப்பார்.

என்னிடம் பால்மாப் பைகளில் பதினெட்டுக் கொய்யாக் கன்று நிற்கிறது. இப்போது ஒரு சாண் உயரம். ஐப்பசிக்குள் முழங்கால் வரும். உங்கள் வரிசையில் எத்தனை வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். மாமாவோடு சேர்ந்து இடத்தைப் பார்த்துக் குறிப்போம்.

பிள்ளைக்கு என் அன்பு. வேர்க்குருவுக்குச் சந்தனம் அரைத்துப் போடுங்கள்.

அன்புடன்,
எல்லயிலிருந்து உங்கள் அண்ணன்